வார் ஃபைலுக்கு வெளியே கான்ஃபிக்: எங்கே வைப்பது, யார் கையில் கொடுப்பது

ஒரு கிளையன்டிடம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்று விதி. நாங்கள் கொடுத்திருந்த ஜாவா அப்ளிகேஷனில் அந்தப் பாஸ்வேர்டு வார் ஃபைலுக்குள்ளேயே (ஜாவா வெப் அப்ளிகேஷனை மொத்தமாகக் கட்டி அனுப்பும் ஃபைல்), கிளாஸஸ் ஃபோல்டரில், பெயர், மதிப்பு என்று வரிவரியாக எழுதும் ஒரு ப்ராபர்டீஸ் ஃபைலில் உட்கார்ந்திருந்தது. முதல்முறை மாற்ற வேண்டிய நாளில் எங்கள் பக்கம் பில்டு போடுகிறவர் ஊரில் இல்லை. அங்கே சர்வர் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கெட்டிக்காரர். ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான டாம்கேட், வார் ஃபைலைப் பிரித்து வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருக்கும் அல்லவா, அதற்குள் போய் விஐ எடிட்டரில் திறந்து பாஸ்வேர்டை மாற்றி ரீஸ்டார்ட் செய்துவிட்டார். வேலை செய்தது. எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று வாரம் கழித்து ஒரு சின்னத் திருத்தத்தோடு புது வார் அனுப்பினோம். புது வார் வந்தால் டாம்கேட் பழைய ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் பிரிக்கும். பழைய பாஸ்வேர்டு உயிர்த்தெழுந்து வந்தது. கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் பகுதி) தப்பான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கதவைத் தட்ட, டேட்டாபேஸ் அந்த யூசரையே லாக் செய்துவிட்டது. அதே யூசரில் ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட் அப்ளிகேஷனும் கூடவே படுத்துக்கொண்டது.

இப்படி இடத்துக்கு இடம் மாறும் மதிப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை வாருக்கு வெளியே எடுக்க வேண்டும் என்பதில் அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சே இல்லை. எப்படி எடுப்பது என்பதில்தான் ஒரு வாரம் சண்டை. அந்தச் சண்டையில் எனக்குத் தெளிந்தது, இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பது. ஃபைல் எந்த இடத்தில் இருக்கும் என்பது ஒன்று. அது அங்கே இருக்கிறது என்று வாருக்கு யார் சொல்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வி சுலபம். லினக்ஸின் ஈடிசி ஃபோல்டருக்குக் கீழே அப்ளிகேஷன் பெயரில் ஒரு ஃபோல்டர், ஆப்ட்-க்குக் கீழே ஒன்று, எதுவானாலும் சரி. வெப்ஆப்ஸுக்கு வெளியே இருந்தால் போதும். இனி நான் ஒப்பிடப்போகும் வழிகளெல்லாம் இரண்டாவது கேள்விக்குத்தான். அதற்கு விடை சொல்வது ஃப்ரேம்வொர்க் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், அந்த ஃபைலை நடுராத்திரியில் திறக்கப்போகிறவர் யார் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

நான் பேசுவது லினக்ஸ் சர்வரில் டாம்கேட் 9 அல்லது 10, அதில் வாராக ஓடும் ஸ்பிரிங் (ஒரு ஜாவா ஃப்ரேம்வொர்க்) அப்ளிகேஷன் பற்றி. அப்ளிகேஷனைத் தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கன்டெய்னர் கதை வேறு. கடைசியில் கொஞ்சம் வருகிறேன்.

இரண்டு பழைய உதாரணங்கள்

வழி தேடுகிறவர்கள், வார் ஃபைலாகவே ஊரெல்லாம் ஓடிய இரண்டு மென்பொருள்களைப் பார்க்கலாம். பில்டு வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் தன் எல்லாச் சொத்தையும் ஒரு ஹோம் ஃபோல்டரில் வைத்திருக்கிறது. அது எங்கே என்பதை ஜென்கின்ஸ்_ஹோம் என்ற பெயரில் சிஸ்டம் ப்ராபர்டியாகவோ (ஜாவாவை ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கும் மதிப்பு) என்விரான்மென்ட் வேரியபிளாகவோ (ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக ப்ராசஸுக்குக் கொடுக்கும் மதிப்பு) சொல்லலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் ஓட்டுகிற யூசரின் ஹோமுக்குள் புள்ளி வைத்த ஒரு ஜென்கின்ஸ் ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆக, எதுவும் தெரியாதவர் வாரைத் தூக்கிப் போட்டாலும் அடுத்த அப்கிரேடில் அவருடைய வேலை அழியாது.

வரைபட சர்வரான ஜியோசர்வரில் டேட்டா டைரக்டரிக்கு இதே மாதிரி ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பிரிந்த வெப்ஆப் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் டேட்டா ஃபோல்டரை எடுத்துக்கொள்ளும். முதல் நாள் வசதிதான். ஆறு மாதம் லேயர் லேயராகச் சேர்த்துவிட்டு, வாரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒருவர் நினைக்கும் நாளில் தெரியும் அதன் வலி. வெளியே வைக்கும்படி ஜியோசர்வரின் ஆவணமே சொல்கிறது. முதல் நாளில் ஆவணம் படிக்கிறவர் யார்?

இரண்டிலும் கவனிக்க வேண்டியது, வெளியிலிருந்து கேட்பது ஒரே ஒரு விஷயம்தான்: ஃபோல்டரின் இடம். மற்றதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள். நாற்பது மதிப்புகளை நாற்பது வழியில் உள்ளே தள்ளுவதைவிட, ஒரு விலாசத்தை மட்டும் கொடுப்பது எவ்வளவோ மேல்.

டாம்கேட்டின் லிப் ஃபோல்டர்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி இது. டாம்கேட்டின் லிப் ஃபோல்டர் எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவான கிளாஸ்பாத்தில் (ஜாவா தனக்கு வேண்டிய ஃபைல்களைத் தேடும் இடங்கள்) இருக்கிறது. ஃபைலை அங்கே போட்டால் கோடில் ஒரு வரி மாற்றாமல் கிடைத்துவிடும். எனக்குப் பிடிக்காது. டாம்கேட்டின் கிளாஸ்லோடர் முதலில் வாருக்குள் தேடும், அப்புறம்தான் பொது இடத்துக்குப் போகும். அதே பெயரில் வாருக்குள் ஒரு ஃபைல் மிச்சம் இருந்தால் உள்ளே இருப்பதுதான் ஜெயிக்கும். வெளியே எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. மாற்றுகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். போதாததற்கு, டாம்கேட்டையே 9.0-இன் ஒரு பேட்சிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும்போது பழைய ஃபோல்டரோடு அந்த ஃபைலும் போய்விடும், டாம்கேட்டின் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோமையும் நம் ஃபைல்கள் இருக்கும் பேஸையும் பிரித்து வைத்திருந்தாலொழிய. பிரித்து வைத்திருக்கும் இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சிஸ்டம் ப்ராபர்டி

டாம்கேட்டின் பின் ஃபோல்டரில் செட்என்வ் என்று ஒரு ஷெல் ஃபைல். டாம்கேட்டோடு அது வருவதில்லை, நாம்தான் உருவாக்க வேண்டும். இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போது தானாகப் படித்துக்கொள்ளும். அதில் கேட்டலினா_ஆப்ட்ஸ் என்ற வேரியபிளில் ஹைஃபன் டி போட்டு, கணக்கு டாட் கான்ஃபிக் (கணக்கு என்பது அப்ளிகேஷனின் பெயர் என்று வைத்துக்கொள்வோம்) என்ற பெயருக்கு ஈடிசி-யில் உள்ள ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கோடில் சிஸ்டம் டாட் கெட்ப்ராபர்டி. ஸ்பிரிங் என்றால் டாலர் போட்டு வளைந்த அடைப்புக்குள் பெயரை எழுதினால் போதும். (ஜாவா_ஆப்ட்ஸில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் அது டாம்கேட்டை நிறுத்தும் கமாண்டுக்கும் போகும். ஜாவாவைக் கண்காணிக்கும் ஜேஎம்எக்ஸ் போர்ட் போன்றவற்றை அதில் வைத்தால், நிறுத்தப் போகும்போது போர்ட் ஏற்கெனவே பிஸி என்று சண்டை வரும். எனவே கேட்டலினா_ஆப்ட்ஸ் என்று பழகிக்கொள்வது நல்லது.)

ஒரு டாம்கேட்டில் ஒரு அப்ளிகேஷன் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. சர்வர் பார்ப்பவருக்குப் புரிய வைக்க இரண்டு நிமிடம் போதும். என்ன பாதை கொடுத்திருக்கிறது என்று ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டில் பார்த்துவிடலாம்.

அந்தப் பிஎஸ்தான் இதன் ஆபத்தும். கமாண்ட் லைனில் இருப்பதைச் சாதாரணமாக அந்த மெஷினில் லாகின் உள்ள எந்த யூசரும் படிக்கலாம். ஃபோல்டர் பாதை தெரிந்தால் குடிமுழுகிவிடாது. ஆனால் சிலர், இதுதான் வேலை செய்கிறதே என்று பாஸ்வேர்டையும் ஹைஃபன் டி-யில் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை இன்னொரு டீமின் சர்வரில் வேறு எதையோ தேடி பிஎஸ் அடித்தபோது அவர்களுடைய மெயில் சர்வர் பாஸ்வேர்டு முதல் வரியில் பளிச்சென்று நின்றது. நான் எதையும் உடைக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது குறை, இது ஜேவிஎம் (ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா ப்ராசஸ்) முழுவதற்கும் பொது. ஒரே வாரை டெஸ்ட் என்றும் யூஏடி (பயனர்கள் சரிபார்ப்பது) என்றும் இரண்டு பெயரில் ஒரே டாம்கேட்டில் போட்டால் இரண்டும் ஒரே ஃபோல்டரைத்தான் பார்க்கும். விண்டோஸில் டாம்கேட்டை சர்வீஸாக ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று: சர்வீஸ் செட்என்வ் பேட்ச் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டாம்கேட்டோடு வரும் சர்வீஸ் மேனேஜரில் ஜாவா டேபில் போய்த்தான் எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

என்விரான்மென்ட் வேரியபிள்

ஹெரோக்கு நிறுவனத்தார் 2011 வாக்கில் எழுதி வைத்த பன்னிரண்டு விதிகளில் மூன்றாவது, கான்ஃபிக்கை என்விரான்மென்டில் வை என்பது. அவர்கள் சொன்ன சோதனை எனக்குப் பிடிக்கும்: உன் கோடை இந்த நிமிடம் ஓப்பன் சோர்ஸ் செய்தால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா? போகும் என்றால் நீ இன்னும் பிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் இது சிஸ்டம் ப்ராபர்டியைவிட மேல். லினக்ஸில் ஓடும் ப்ராசஸின் என்விரான்மென்டை அதே யூசரும் ரூட்டும்தான் படிக்க முடியும். மற்றவர்களுக்கு பிஎஸ்ஸில் தெரியாது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம். எங்கள் டீமில் புதிதாக வந்தவர் ஒருவர் வேரியபிளை, ஷெல் திறக்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி ஃபைலில் எழுதினார். புட்டி என்ற மென்பொருள் வழியே சர்வரில் லாகின் செய்து கையால் டாம்கேட்டை ஸ்டார்ட் செய்தால் எல்லாம் ஓடியது. பத்து நாள் கழித்து சர்வர் ரீபூட் ஆனது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி ஸ்டார்ட் செய்த டாம்கேட்டுக்கு அந்த வேரியபிள் தெரியவே தெரியாது. சிஸ்டம்டி யாருடைய பேஷ்ஆர்சி-யையும் படிப்பதில்லை. சரி என்று சிஸ்டம்டி படிக்கும் என்விரான்மென்ட்ஃபைல் ஒன்றை உருவாக்கி, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எக்ஸ்போர்ட் என்று எழுதினார். அதுவும் வேலை செய்யவில்லை. அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். ஒரு வேரியபிளுக்குள் இன்னொன்றை டாலர் போட்டு இழுத்தாலும் அப்படியே எழுத்தாகத்தான் வரும்.

இதுவும் ஜேவிஎம் முழுவதற்கும் பொது என்பதால் இரண்டு அப்ளிகேஷன் சிக்கல் அப்படியே இருக்கிறது. கன்டெய்னர் ஒன்றுக்கு ஒரு ப்ராசஸ் என்று வாழ்கிறவர்களுக்கு இது பொருந்துகிற அளவு, நாலு வாரைச் சுமக்கும் பழைய டாம்கேட்டுக்குப் பொருந்தாது.

கான்டெக்ஸ்ட் ஃபைல்

டாம்கேட்டின் கான்ஃப் ஃபோல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அங்கே கணக்கு என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வைத்தால், கணக்கு என்ற பாதையில் ஓடும் அப்ளிகேஷனுக்கு மட்டும் அது பொருந்தும். அதற்குள் கான்டெக்ஸ்ட் என்ற டேக். அதற்குள் என்விரான்மென்ட் என்று ஒரு வரி: பெயர், மதிப்பு, வகை. வகை என்பது ஜாவா ஸ்ட்ரிங். இந்த வரியின் பெயருக்கும் மேலே சொன்ன ஷெல் என்விரான்மென்டுக்கும் சம்பந்தம் இல்லை, இது ஜேஎன்டிஐ, அதாவது சர்வர் வைத்திருப்பதைப் பெயர் சொல்லி வாங்கும் ஜாவா வசதி. வார்த்தை ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஸ்பிரிங் வெப் அப்ளிகேஷன் இதை எந்தக் கோடும் எழுதாமல் தானாகவே தேடிப் பார்க்கும். அதுவும் சிஸ்டம் ப்ராபர்டிக்கும் என்விரான்மென்ட் வேரியபிளுக்கும் முன்னால்.

டாம்கேட் நம் கையில் இருந்து, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட அப்ளிகேஷன் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். டெஸ்டுக்கு ஒரு ஃபைல், யூஏடி-க்கு ஒரு ஃபைல், வார் ஒன்றே. ஆட்டோ டெப்ளாய் போட்டிருந்தால் இந்த ஃபைலை மாற்றியதும் அந்த ஒரு அப்ளிகேஷன் மட்டும் மறுபடி ஏறும். பக்கத்தில் இருப்பவை ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு குழிகள் உண்டு, இரண்டிலும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

டாம்கேட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ஆப்ஸில் உள்ள வாரை அழித்தால், அப்ளிகேஷனையே எடுத்துவிடச் சொன்னதாக டாம்கேட் புரிந்துகொள்ளும். பிரிந்த ஃபோல்டரை அழிக்கும். கூடவே இந்தக் கான்டெக்ஸ்ட் ஃபைலையும் அழிக்கும். பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் காப்பி செய்வது நம்மில் பாதிப் பேரின் கைப்பழக்கம். இடையில் சில நொடி கிடைத்தால் போதும், டாம்கேட் அதற்குள் துடைத்து வைத்துவிடும். புது வார் வந்து ஏறும்போது விலாசம் சொல்ல ஆளில்லை. ஆகவே பழையதை அழிக்காமல் மேலேயே காப்பி செய்யுங்கள், அல்லது டாம்கேட்டை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். கான்டெக்ஸ்ட் ஃபைலுக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கட்டும்.

இரண்டாவது குழி இன்னும் நுட்பமானது. வாருக்குள் இருக்கும் வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைலில் அதே பெயரில் ஒரு என்வ்-என்ட்ரி (இதே மாதிரி பெயர், மதிப்பு) இருந்தால், சர்வரில் நீங்கள் எழுதியதை அது மேலெழுதிவிடும். இயல்பான நடத்தையே அதுதான். வெளியே இருப்பதுதானே ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தால் என்விரான்மென்ட் வரியில் ஓவர்ரைடு என்பதற்கு ஃபால்ஸ் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

கோடைத் தொட முடியாதபோது

சில நேரம் கையில் இருப்பது வெறும் வார். சோர்ஸ் எழுதியவர்கள் போய்விட்டார்கள், அல்லது வெண்டர் கொடுத்தது. கிளாஸ்பாத்தில் இன்ன பெயரில் ஃபைல் வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். இதற்காகவே டாம்கேட் 8-லிருந்து ஒரு அருமையான வசதி இருக்கிறது. அதே கான்டெக்ஸ்ட் ஃபைலில் ரிசோர்ஸஸ் என்ற டேக்குக்குள் ப்ரீரிசோர்ஸஸ் என்று ஒரு வரி. வெளியே உள்ள ஃபோல்டரின் பாதையை பேஸ் என்றும், வெப்-இன்ஃப் கிளாஸஸ் என்பதை மவுன்ட் செய்யும் இடம் என்றும் சொல்லிவிட்டால், உங்கள் ஈடிசி ஃபோல்டர் வாருக்குள்ளேயே இருப்பதாக அந்த அப்ளிகேஷன் நம்பும். ப்ரீ என்றால் வாருக்குள் அதே பெயரில் ஃபைல் இருந்தாலும் வெளியே இருப்பதே முதலில். போஸ்ட்ரிசோர்ஸஸ் என்று எழுதினால் நேரெதிர்: உள்ளே இல்லாவிட்டால் மட்டும் வெளியே. இந்த ஒரு சொல் மாறி, மாற்றம் ஏன் ஏறவில்லை என்று தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும். டாம்கேட் 7-இல் வேறொரு லோடர் கிளாஸை வைத்து இதைச் செய்தார்கள்; அது 8-இல் போய்விட்டது.

டேட்டாபேஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால்

எங்கள் கிளையன்டின் கதையில் மாறிக்கொண்டிருந்தது பாஸ்வேர்டு ஒன்றுதான். அப்படியென்றால் கான்ஃபிக் ஃபைலே வேண்டாம். கனெக்‌ஷன் பூலையே டாம்கேட்டிடம் ஒப்படைத்துவிடலாம். கான்டெக்ஸ்ட் ஃபைலில் ரிசோர்ஸ் என்று டேட்டாசோர்ஸை எழுதிவிட்டால் அப்ளிகேஷன் ஜேஎன்டிஐ பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு என்னவென்று டெவலப்பருக்குத் தெரியவே வேண்டாம். பொறுப்பு சுத்தமாகப் பிரிகிறது என்பதால் பெரிய இடங்களில் இதையே கேட்பார்கள்.

விலை: டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப்பில் வைக்க வேண்டும், அதன் பதிப்பு அப்புறம் சர்வர்காரரின் கவலை. பூல் அளவு, டைம்அவுட் எல்லாம் அவர் கைக்குப் போகிறது. அதைப் புரிந்து பார்க்கிற ஆள் அந்தப் பக்கம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் நீங்கள்தான் ஃபோனில் எக்ஸ்எம்எல் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். பாஸ்வேர்டு அதிலும் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். ஃபைல் பர்மிஷன்தான் காவல்.

ஸ்பிரிங் பூட்டின் சொந்த வழி

ஸ்பிரிங்கை எளிதாக்கும் ஸ்பிரிங் பூட் வந்தபிறகு பலர் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. தானே ஓடும் ஜாருக்குப் பக்கத்தில் கான்ஃபிக் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் அப்ளிகேஷன் ப்ராபர்டீஸ் போட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். ஜாராக ஓட்டும்போது உண்மைபோலத் தோன்றும். உண்மையில் அது தேடுவது ஜாருக்குப் பக்கத்தில் அல்ல, ப்ராசஸ் நிற்கும் ஃபோல்டரில். அதே அப்ளிகேஷனை வாராக டாம்கேட்டில் போட்டால், நிற்கும் ஃபோல்டர் டாம்கேட்டை எங்கிருந்து ஸ்டார்ட் செய்தார்களோ அது. சிஸ்டம்டி-யில் வொர்க்கிங் டைரக்டரி சொல்லாமல் விட்டால் ரூட். ஒருவர் பின் ஃபோல்டரிலிருந்து ஸ்டார்ட் செய்த நாளில் ஓடும், இன்னொருவர் தன் ஹோமிலிருந்து ஸ்டார்ட் செய்த நாளில் ஓடாது. ஆகவே வாருக்கு இந்த இயல்பான தேடலை நம்பாதீர்கள். முழுப் பாதையைச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஸ்பிரிங் கான்ஃபிக் லொகேஷன் என்பது வழக்கமான இடங்களையெல்லாம் தூக்கிவிட்டு நீங்கள் சொன்னதை மட்டும் பார்க்கும். அடிஷனல் லொகேஷன் என்பது வழக்கமானவற்றோடு இதையும் சேர்த்து, இதற்கு முன்னுரிமை கொடுக்கும். நமக்குப் பெரும்பாலும் வேண்டியது இரண்டாவதுதான்: மாறாத இயல்பு மதிப்புகள் வாருக்குள், இடத்துக்கு இடம் மாறுவது மட்டும் வெளியே. முதலாவதைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த எழுபது மதிப்பும் காணோம் என்று முழிப்பது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். ஃபோல்டரைக் கொடுக்கும்போது கடைசியில் சாய்கோட்டை மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அதை ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பாதையையும் யாரோ ஒருவர் சிஸ்டம் ப்ராபர்டியாகவோ வேரியபிளாகவோ சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆக ஸ்பிரிங் பூட் தனி வழி அல்ல. மேலே சொன்ன வழிகளின் மேல் போட்ட வசதியான மேற்கூரை.

கன்டெய்னர், கான்ஃபிக் சர்வர்

கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸில் ஓடுகிறவர்களுக்கு, கான்ஃபிக்கைத் தனியே வைக்கும் கான்ஃபிக்மேப் இருக்கிறது. அதை வேரியபிளாகக் கொடுத்தால் மாற்றம் ஏற பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) மறுபடி எழ வேண்டும். ஃபைலாக மவுன்ட் செய்தால் சற்று நேரத்தில் ஃபைல் தானாக மாறும், சப்பாத் என்ற அமைப்பை வைத்து மவுன்ட் செய்யாதவரை. ரகசியங்களை வைக்க அங்கே இருக்கும் சீக்ரெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் தெரிவது பேஸ்64, யாரும் திருப்பிப் படித்துவிடக்கூடிய எழுத்து மாற்றம், அது பூட்டு அல்ல. கான்ஃபிக்கையும் ரகசியங்களையும் ஒரு தனிச் சர்வரில் வைக்கும் ஸ்பிரிங் கிளவுட் கான்ஃபிக், வால்ட் போன்றவை இருபது முப்பது சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு வாருக்காக ஒரு கான்ஃபிக் சர்வரை நிறுத்தினால், கோழியைக் காக்க யானை வளர்த்த கதைதான். அந்தச் சர்வரின் விலாசத்தையும் பாஸ்வேர்டையும் எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

வெளியே எடுத்ததன் விலை

இதுவரை வெளியே எடுப்பது நல்லது என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு, நாங்கள் அதை இரண்டாவது ரிலீஸிலேயே கொடுத்தோம். புது வாருக்கு ஒரு புது மதிப்பு தேவைப்பட்டது, எஸ்எம்எஸ் அனுப்பும் விலாசம். வெளியே இருந்த ஃபைலில் அது இல்லை. உள்ளேயே இருந்திருந்தால் வாரோடு போயிருக்கும். இப்போது வாரும் ஃபைலும் தனித்தனியாக வயதாகின்றன. வாரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினாலும் ஃபைல் திரும்பாது.

இதற்கு நாங்கள் செய்துகொண்டது இவ்வளவுதான். இயல்பு மதிப்பு இருக்கக்கூடியவை எல்லாம் வாருக்குள்ளேயே இருக்கும். வெளியே இருப்பது பதினைந்து வரியைத் தாண்டாது. (ஒரு ப்ராஜெக்டில் திரையில் வரும் லேபிள்களைக்கூட வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அதைத் திருத்த யாரும் வரவில்லை. தவறுதலாக அழிக்கத்தான் ஒருவர் வந்தார்.) பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் விலாசம் போன்றவற்றுக்கு உள்ளே இயல்பு மதிப்பே கிடையாது. டெஸ்ட் டேட்டாபேஸ் விலாசத்தை இயல்பாக வைத்திருந்தால், ஃபைல் கிடைக்காத நாளில் ப்ரொடக்‌ஷன் சர்வர் சத்தமில்லாமல் டெஸ்ட் டேட்டாபேஸில் எழுத ஆரம்பித்துவிடும். அதைவிட ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். நிற்கும்போது இல்லாத மதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் லாக்கில் எழுதிவிட்டு நிற்க வேண்டும். ஒன்றைச் சேர்த்து ரீஸ்டார்ட், அடுத்தது இல்லை என்று இன்னொரு ரீஸ்டார்ட் என்றால் சர்வர்காரர் நம்மைச் சபிப்பார், நியாயமாகவே.

ஃபைலுக்குள்ளேயே இருக்கும் இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ப்ராபர்டீஸ் ஃபைலில் பின்சாய்கோடு தனிப் பொருள் கொண்டது. விண்டோஸில் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரை அப்படியே எழுதினால், பின்சாய்கோடும் டி-யும் சேர்ந்து ஒரு டேப் எழுத்தாகிவிடும். ஃபோல்டர் இல்லை என்று பிழை வரும், லாக்கில் பார்த்தால் இடைவெளி மட்டும் தெரியும். முன்சாய்கோடு போடுங்கள், ஜாவாவுக்கு விண்டோஸிலும் அது புரியும்.

மற்றொன்று தமிழில் எழுதுகிற நமக்கே உரியது. மெயில் தலைப்பைத் தமிழில் வெளி ஃபைலில் வைத்தால் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ போகும். காரணம், ஜாவாவின் ப்ராபர்டீஸ் கிளாஸ் இன்புட்ஸ்ட்ரீமிலிருந்து படிக்கும்போது தமிழ் எழுத்தே இல்லாத ஐஎஸ்ஓ 8859-1 குறியீடு என்றே எடுத்துக்கொள்கிறது. ஜாவா 9-இல் யூடிஎஃப்-8-க்கு மாறியது ரிசோர்ஸ் பண்டில் மட்டும், இது மாறவில்லை. யூடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு ரீடரைத் திறந்து அதிலிருந்து லோட் செய்தால் தமிழ் தமிழாக வரும்.

கடைசியில் நாங்கள் எதைத் தேர்ந்தோம் என்றால்: ஈடிசி-க்குக் கீழே ஒரு ஃபோல்டர், சொந்தக்காரர் ரூட், க்ரூப் டாம்கேட், ஃபைலுக்கு 640 (சொந்தக்காரர் எழுதலாம், க்ரூப் படிக்க மட்டும்). அங்கே ஒரே டாம்கேட்டில் மூன்று வார் என்பதால் விலாசம் கான்டெக்ஸ்ட் ஃபைலில். டேட்டாசோர்ஸை டாம்கேட்டிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். எக்ஸ்எம்எல்லை நான் தொட மாட்டேன் சார், சமக்குறிக்கு அந்தப் பக்கம் எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்றார் அந்தத் தம்பி. பாஸ்வேர்டை மாற்றப்போகிறவர் அவர்தான், எனவே ப்ராபர்டீஸ் ஃபைலே இருக்கட்டும் என்று முடிவானது. அப்ளிகேஷன் எழும்போது எந்த ஃபைலைப் படித்தது, அது கடைசியாக எப்போது மாறியது என்று லாக்கில் இரண்டு வரி எழுதும்படி செய்தோம்.

போன மாதம் வேறு ஒரு புகாருக்காக அந்த லாக்கை வாங்கிப் பார்த்தேன். ஃபைல் அதற்கு முந்தைய ஞாயிறு காலை 6.40-க்கு மாறியிருந்தது. எங்களுக்கு யாரும் ஃபோன் செய்யவில்லை.